ஊதாக் கயிறு யாருடையது?

ஜூன் 9

என் செல்லப் பூச்சிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். பாப்பாவுக்கு முன்பல் இரண்டும் விழுந்துவிட்டன. சிரித்தால் ஜன்னல் திறந்த மாதிரி இருக்கிறது. அம்மாவின் முட்டிவலி எப்படி? சூடு ஆறாத துணியை மடித்து மடித்து உன் விரல்நுனி வெடித்திருந்ததே, ஆறிவிட்டதா?

போனில் கேட்டால் நீ ‘ம்’ என்பாய். இன்னொரு தடவை கேட்டால் இன்னொரு ‘ம்’. அதனால்தான் கடிதம். நம் கம்பெனி வேன் வாராவாரம் தலைமை அலுவலகத்துக்கும் உங்கள் சலவைக்கூடத்துக்கும் போய் வருகிறது. டிரைவரிடம் கொடுத்துவிட்டால் இரண்டு நாளில் என் கைக்கு வந்துவிடும்.

என் எம்.பி.ஏ. ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டது. பத்து வருடமாவது வேலை பார்த்தவர்களுக்கு மட்டும் நடத்துகிற படிப்பு என்று சொன்னேன் அல்லவா, வகுப்பில் நாற்பது பேர். பாதிப் பேருக்குத் தனி கார், தனி டிரைவர். முதல் நாள் ஓர் ஆஸ்பத்திரி இயக்குநர் என்னிடம், “நீங்க எந்தத் துறைம்மா?” என்றார். சலவை என்றேன். “அப்ப எங்க அழுக்கெல்லாம் உங்ககிட்ட பத்திரமா இருக்கு” என்றார். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். இன்றைக்கும் சாப்பாட்டு வேளையில் தனியாகத்தான் உட்காருகிறேன்.

இனி ப்ராஜெக்ட். அவரவர் கம்பெனியிலேயே ஓர் இடத்தை எடுத்து ஆராய வேண்டும். நான் உன் கூடத்தை எடுத்திருக்கிறேன். நீ மடிப்பு மேசையில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று எழுது. பார்த்ததைப் பார்த்தபடி எழுது. இலக்கணம் நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன் பதிலுக்கு வேனைப் பார்த்துக்கொண்டிருக்கும்
அக்கா

ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நன்றாக நடக்கிறாள், படி மட்டும் பக்கவாட்டில் இறங்குகிறாள். என் விரல்கள் பரவாயில்லை. உனக்குப் படித்துப் படித்துத் தலைவலி வருமே, வருகிறதா?

பத்தாவதைப் பாதியில் விட்ட என்னிடம் எம்.பி.ஏ.வுக்கு உதவி கேட்கிறாய். வகுப்பில் எழுந்து வாசிக்கச் சொன்னபோது குரல் வராமல் மணி அடிக்கும்வரை நின்றேனே, அதற்குப் பிறகு என்னை யாரும் எதையும் எழுதச் சொன்னதில்லை. சிரிக்கக் கூடாது.

மடிப்பு அறை நீளமானது, ஜன்னல்கள் உயரத்தில் இருக்கின்றன. ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள் இஸ்திரி உருளையிலிருந்து சுடச்சுட வரும். மேசையில் ஆறு பேர். பத்து விரிப்பை மடித்துக் கயிறு போட்டால் ஒரு கட்டு. சுவரில் ஆறு ஆணிகள்; ஒவ்வொன்றிலும் ஒரு நிறக் கயிற்றுக் கொத்து. எனக்குப் பச்சை. சாயங்காலம் சூப்பர்வைசர் நிறத்தை வைத்து எண்ணுவார். ஆளுக்கு முப்பது கட்டு இருக்க வேண்டும்.

சிவப்புக் கயிறு மைக்செட்டு அக்காவுடையது. அவள் ரகசியம் பேசினாலே துவைக்கிற இயந்திரத்தைத் தாண்டிக் கேட்கும். நீலம் சூப்பர்வைசரின் மச்சினி. சேர்ந்து நான்கு மாதம்தான் ஆகிறது. ஊதா சிரிப்பக்கா. வெள்ளையும் கறுப்பும் இரட்டையர்கள், எப்போதும் ஒருத்தியோடு ஒருத்தி சண்டை. எனக்கு நீங்கள் வீட்டில் வைத்த பேரையே இங்கேயும் வைத்துவிட்டார்கள். முதல் வாரம் முழுக்க நான் பேசவே இல்லை. “வாயில்லாப் பூச்சிடி இது” என்றாள் மைக்செட்டு அக்கா. சிரிப்பக்காதான் தன் டப்பா மூடியை என் பக்கம் தள்ளி, “பூச்சின்னாலும் பசிக்கும்ல, சாப்பிடு” என்றாள்.

உனக்கு எழுதுவதை யாரிடமும் சொல்லவில்லை. கேலி செய்வார்கள்.

உன் தங்கை

ஜூலை 2

பூச்சிக்கு,

உன் கடிதத்தை மாமாவுக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினேன். “இவ எழுதறதுல பாதி நீ எழுதினா போதும், பாஸாயிடுவே” என்கிறார். தலைவலி இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. அம்மாவைப் படியில் கைப்பிடியைப் பிடித்து இறங்கச் சொல்.

ஒரு சந்தேகம். உங்கள் கூடத்தின் எண்ணிக்கைத் தாள்கள் இங்கே வருகின்றன. எல்லா மேசைகளிலும் எண்ணிக்கை ஏறி இறங்குகிறது. யாருக்காவது காய்ச்சல் என்றால் இருபதுக்கு விழுகிறது. உங்கள் மேசையில் மட்டும் ஆறு பேருக்கும் தினமும் முப்பது, முப்பத்தொன்று. மூன்று வருடத் தாள்களைப் புரட்டிவிட்டேன். இது எப்படி? வழிகாட்டி ஆசிரியர், “விடை தாள்ல இருக்காது, வேலை நடக்கிற தரையில இருக்கும்” என்கிறார். தரையில் எனக்கு உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

இந்த ப்ராஜெக்டில் தேறாவிட்டால் கம்பெனி எனக்காகப் பணம் கட்டிய படிப்பு வீண். அந்த ஆஸ்பத்திரி இயக்குநர் முகத்தில் என்னால் விழிக்கவும் முடியாது.

அக்கா

ஜூலை 10

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா கைப்பிடியைப் பிடிக்க மாட்டாளாம். “நான் என்ன கிழவியா?” என்கிறாள். பாப்பாவுக்குப் பல் முளைத்ததா?

நீ கேட்டது எங்கள் மேசையின் ரகசியம். உன்னிடம் என்பதால் சொல்கிறேன். யார்கிட்டயும் சொல்லிடாதே, அக்கா.

அதற்குக் கைமாத்து என்று பேர். யாருக்கு உடம்பு முடியவில்லையோ, மற்றவர்கள் தங்கள் கட்டுகளில் சிலவற்றுக்கு அவளுடைய நிறக் கயிற்றைப் போட்டுவிடுவார்கள். யாரும் கேட்பதில்லை, கொடுத்ததைச் சொல்லிக் காட்டுவதும் இல்லை. போன மாதம் எனக்குக் காய்ச்சல் வந்தபோது நான் கட்டியது பதினாறு. சாயங்காலம் பார்த்தால் என் வரிசையில் பச்சைக் கயிறு முப்பது. யார் போட்டார்கள் என்று சுற்றிப் பார்த்தேன். எல்லாரும் வேறு எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். “என்னடி முறைக்கிற, கட்டு நடந்து வந்திருக்கும்” என்றாள் மைக்செட்டு அக்கா.

மற்ற எங்களுக்கெல்லாம் என்றைக்கோ ஒரு நாள்தான். சிரிப்பக்காவுக்குத் தினமும். அவளுக்கு இரண்டு கையும் மரத்துப்போகிறது. மடிக்கும்போது விரலை வாயால் ஊதிக்கொள்வாள், பிறகு அதற்கும் ஒரு சிரிப்பு. ஆனால் அவளால் வேலையை விட முடியாது, கம்பெனி மருத்துவ அட்டையில்தான் அவள் புருஷனுக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ் நடக்கிறது. வேலை போனால் அட்டை போகும்.

பள்ளிக்கூடத்தில் ஒருத்தி விடையை இன்னொருத்தி பார்த்தால் அடி விழும். இங்கே அதுதான் ஒழுக்கம். எனக்கு இந்த இடம் பிடித்திருக்கிறது, அக்கா.

உன் தங்கை

ஜூலை 28

பூச்சிக்கு,

எல்லாரும் நலம். அவசரமாக எழுதுகிறேன், வேன் நிற்கிறது.

உன் கடிதத்தைப் படித்து எனக்கு அழுகை வந்தது. இதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். பயப்படாதே, பேர் ஒன்றுகூட வராது. பாப்பா மேல் ஆணை.

இரண்டே கேள்விகள். ஊதாக் கயிற்றுக்காரர் தம் கையால் கட்டுவது நாளுக்கு எத்தனை? கைமாத்து இல்லாமல், பேச்சில்லாமல், முழு வேகத்தில் கட்டினால் மற்றவர்களுக்கு எத்தனை வரும்?

அக்கா

ஆகஸ்ட் 5

அன்புள்ள அக்காவுக்கு,

அம்மா நலம், நானும் நலம். நீ அழுதாய் என்றதும் எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. தலைவலியோடு அழக் கூடாது.

சிரிப்பக்கா கையால் பதினெட்டு. நல்ல நாளில் இருபது.

முழு வேகத்தில் என்றால் நாங்கள் ஒவ்வொருத்தியும் முப்பத்தாறு கட்டுவோம். சந்தேகமே வேண்டாம். மைக்செட்டு அக்கா ஒரு நாள் பந்தயம் வைத்து நாற்பது கட்டினாள். எங்கள் மேசையை லேசாக நினைக்காதே. உன் வகுப்பில் அந்த ஆஸ்பத்திரிக்காரரிடமும் சொல், அவருடைய விரிப்பை மடிக்கிறவர்கள் இப்படிப்பட்டவர்கள் என்று.

உன் தங்கை

அக்டோபர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் மூவரும் சுகமா? செப்டம்பரில் இரண்டு கடிதம் கொடுத்தனுப்பினேன். “உங்க அக்கா கையிலயே கொடுத்துட்டேம்மா” என்கிறார் டிரைவர். அம்மா நீ போன் செய்தாயா என்று தினமும் கேட்கிறாள்.

போன வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். மேசைக்கு அருகில் நின்று எங்களைப் பார்க்காமல் திரையைப் பார்த்தார். பிறகு சூப்பர்வைசரிடம், “இதுல ஊதா யாரு?” என்றார். சூப்பர்வைசர் கையைக் காட்டினார். சிரிப்பக்கா வணக்கம் சொன்னாள், சிரித்துக்கொண்டே.

மறுநாள் ஆணிகளில் கயிறு இல்லை. இப்போது எல்லாக் கட்டுக்கும் வெள்ளைக் கயிறுதான். மணிக்கட்டில் ஒரு சின்ன இயந்திரம் கட்டிவிட்டிருக்கிறார்கள். கட்டி முடித்தவள் தானே அதைக் கட்டின்மேல் காட்ட வேண்டும், ‘பீப்’ என்று சத்தம் வரும். யார் கட்டினாளோ அவள் கணக்கில்தான் ஏறும்; கையசைவையும் அது எண்ணுவதால் மாற்றிக் காட்ட முடியாது. இனி ஆளுக்கு முப்பத்தாறாம்.

நான் உன்னைச் சந்தேகப்படவில்லை. முப்பத்தாறு என்ற எண் எப்படி வந்தது என்று மட்டும் எழுது.

உன் தங்கை

நவம்பர் 3

பூச்சிக்கு,

தாமதத்துக்கு மன்னித்துவிடு. பாப்பாவுக்குக் காய்ச்சல், எனக்குப் பரீட்சை, மாமா வெளியூரில். அம்மாவுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

என் அறிக்கையைத் தலைமை அலுவலகத்துக்கும் ஒரு பிரதி கொடுக்க வேண்டியிருந்தது. படிப்புக்கு அனுப்பும்போதே அப்படித்தான் கையெழுத்து வாங்கினார்கள். அவர்கள் இவ்வளவு சீக்கிரம் செயலில் இறங்குவார்கள் என்று நான் நினைக்கவில்லை. நான் பேர் எதையும் போடவில்லை, சத்தியமாக. கைமாத்து நல்ல பழக்கம் என்றே எழுதினேன். ஊதாக் கயிற்றுக்காரருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை கொடுக்க வேண்டும் என்றும் தெளிவாக எழுதியிருக்கிறேன். ஆகவே கவலைப்படாதே.

வகுப்பில் என் ப்ராஜெக்ட் முதலிடத்துக்குப் போகும் என்று பேசிக்கொள்கிறார்கள். ஆஸ்பத்திரி இயக்குநர் என் மேசைக்கு வந்து சாப்பிட்டார்.

அக்கா

நவம்பர் 12

அக்காவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டதா? அம்மாவுக்கு ஒத்தடம் கொடுக்கிறேன்.

சிரிப்பக்காவை அனுப்பிவிட்டார்கள். மூன்று வாரம் அவள் பதினெட்டைத் தாண்டவில்லை. தாண்ட எங்களாலும் உதவ முடியவில்லை. மைக்செட்டு அக்கா ஒரு நாள் தன் மணிக்கட்டு இயந்திரத்தைக் கழற்றி அவளுக்குக் கட்டிவிட்டு, அவளுடையதைத் தான் கட்டிக்கொண்டாள். அதையும் கண்டுபிடித்து எச்சரிக்கைத் தாள் கொடுத்தார்கள். இப்போது மேசையில் ஐந்து பேர். முப்பத்தாறை ஐந்தால் பெருக்கினாலும் முப்பதை ஆறால் பெருக்கினாலும் ஒரே எண் வருகிறது. எனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், பெருக்கல் வாய்பாடு படித்த பிறகுதானே பள்ளியை விட்டு நின்றேன்.

போகிற அன்று அவள் மருத்துவ அட்டையை அலுவலகத்தில் திருப்பிக் கொடுத்தாள். வெளியே வந்து, “பூச்சி, அழாதடி. எனக்கு லீவே கிடைச்சதில்ல, இப்ப பாரு மொத்தமா கொடுத்துட்டாங்க” என்று சிரித்தாள்.

நீ பேர் போடவில்லை, உண்மைதான். நிறம் போட்டிருக்கிறாய். எங்களுக்கு அங்கே நிறம்தான் பேர்.

இன்னொன்றும் நடந்தது. மேசை ரகசியம் எப்படி வெளியே போனது என்று பேச்சு வந்தது. எல்லாரும் மச்சினியைப் பார்த்தார்கள். சூப்பர்வைசரின் உறவு, புதிதாக வந்தவள், வேறு யார்? “சோறு போட்ட மேசையையே அறுத்துட்டியேடி” என்றாள் மைக்செட்டு அக்கா. மச்சினி, “நான் இல்லக்கா, எங்கம்மா மேல சத்தியமா நான் இல்ல” என்றாள். அன்றிலிருந்து அவள் குழாயடியில் தனியாகச் சாப்பிடுகிறாள். அவளோடு யாரும் பேசுவதில்லை.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் சந்தேகப்படவில்லை. எனக்குத்தான் வாயில்லையே.

உன் அறிக்கையை அனுப்பு. அந்த உட்கார்ந்து செய்யும் வேலை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று பார்த்து, அதைக் காட்டி அலுவலகத்தில் கேட்கலாம்.

தங்கை

டிசம்பர் 20

என் தங்கைக்கு,

எல்லாரும் நலம். அறிக்கைப் புத்தகம் இத்துடன் வருகிறது. முதல் பரிசு எனக்குத்தான். உன் கைமாத்துக் கடிதத்தை, பேர்களுக்குப் பதில் நிறங்களைப் போட்டு, மற்றபடி அப்படியே பின்னிணைப்பில் சேர்த்தேன். ஆசிரியர் அதை வகுப்பில் எழுந்து நின்று வாசித்தார். ‘கட்டு நடந்து வந்திருக்கும்’ என்ற இடத்தில் எல்லாரும் சிரித்தார்கள், முடிந்ததும் கை தட்டினார்கள். நாற்பது பேரும். நீ அங்கே இருந்திருக்க வேண்டும்.

ஜனவரியிலிருந்து எல்லாக் கூடங்களுக்கும் நான்தான் செயல்பாட்டு மேலாளர். சிரிப்பக்கா விஷயத்தை மறக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்ததும் பார்க்கிறேன், இப்போது நான் வாயைத் திறந்தால் தப்பாகப் போகும். உன்னை மேசையிலிருந்து அலுவலகத்துக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். பத்தாவதைத் தனியாக எழுதி முடி, பீஸ் நான் கட்டுகிறேன். பிப்ரவரியில் பட்டமளிப்பு. நீயும் அம்மாவும் வர வேண்டும். கறுப்பு அங்கியில் உன் அக்காவைப் பார்க்க வேண்டாமா?

அக்கா

ஜனவரி 6

அக்காவுக்கு,

அம்மாவின் முட்டி குளிரில் வீங்கியிருக்கிறது. என் விரல்களுக்கு ஒன்றுமில்லை, முப்பத்தாறுக்குப் பழகிவிட்டன.

புத்தகம் வந்தது. நல்ல கெட்டி அட்டை, உன் பேர் பொன் எழுத்தில். என் கடிதம் பின்னிணைப்பு மூன்று. மேலே ‘பெண், 18 வயது, பள்ளிப் படிப்பை முடிக்காதவர்’ என்று போட்டிருக்கிறாய். என் பிழைகளைத் திருத்தியிருக்கிறாய். நன்றி.

உட்கார்ந்து செய்யும் வேலை என்ற வரியைத் தேடினேன். மூன்று தடவை முதலிலிருந்து கடைசிவரை பார்த்தேன். எனக்கு வேகமாகப் படிக்க வராது, அதனால் விட்டிருப்பேன் என்று நான்காம் தடவை ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தேன். இல்லை. ‘மேசையை ஐந்து பேரால் நடத்தலாம்’ என்பது நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்ததால் தேட வேண்டியிருக்கவில்லை.

திங்கட்கிழமை புத்தகத்தை வேலைக்கு எடுத்துப் போனேன். சாப்பாட்டு மணி அடித்தது. மச்சினி டப்பாவை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். நான் மேசையருகில் எழுந்து நின்றேன். “என்னடி பூச்சி, பிரசங்கமா?” என்றாள் மைக்செட்டு அக்கா. நான் பின்னிணைப்பு மூன்றைப் பிரித்து வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் வராத குரல் வந்தது. இஸ்திரி உருளையை நிறுத்தியிருந்தார்கள், அதனால் குழாயடிவரை கேட்டிருக்கும். ‘யார்கிட்டயும் சொல்லிடாதே, அக்கா’ என்ற வரியையும் நீ அச்சில் விட்டிருந்தாய். அதையும் வாசித்தேன்.

உன் வகுப்பில் கை தட்டினார்கள் என்று எழுதியிருந்தாய். இங்கே யாரும் தட்டவில்லை. ‘கட்டு நடந்து வந்திருக்கும்’ என்ற இடத்தில் மைக்செட்டு அக்கா தன் டப்பாவை மூடினாள். “ஊமை ஊரைக் கெடுக்கும்னு சும்மாவா சொன்னாங்க” என்றாள். அவள் இவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதில்லை. பிறகு குழாயடியைப் பார்த்து, “ஏண்டி மச்சினி, அங்க என்ன ஈரத்துல உக்காந்திருக்க, இங்க வா” என்றாள்.

மச்சினி வந்தாள். அவளுக்கு இடம் வேண்டுமே, நான் எழுந்துகொண்டேன். குழாயடியில் தரை எப்போதும் ஈரம்தான். பழைய அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுக்கொண்டால் உட்காரலாம்.

அலுவலக வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பரீட்சைக்கும் கட்ட வேண்டாம். வாசிக்க வந்துவிட்டது எனக்கு. பட்டமளிப்புக்கு அம்மா வருவாள், படியில் கையைப் பிடித்து இறக்கு. நான் வரவில்லை. இந்த ஞாயிறு சிரிப்பக்கா வீட்டுக்குப் போகிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, அங்கேயும் நான்தான் வாசிக்க வேண்டும். அவள் புருஷனுக்கு அட்டை இல்லாமல் இப்போது வாரம் ஒரு தடவைதான் டயாலிசிஸ் என்று கேள்விப்பட்டேன். வாசித்து முடித்ததும் அவள் சிரித்துவிடுவாளோ என்றுதான் பயமாக இருக்கிறது.

பாப்பாவுக்குப் புதுப்பல் முளைத்திருக்கும். முத்தம் கொடு.

உன்னைப் போலவே நானும் பேர் போடவில்லை.

இப்படிக்கு,
பச்சைக் கயிறு